பள்ளிக்கு உதவ வருகிறீர்களா? முதலில் சீலிங்கைப் பாருங்கள்

வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு அறைக்குள் போனபோது பெஞ்சுகள் எல்லாம் சுவரோரமாகக் கிடந்தன. நடுப்பகுதி முழுக்கக் காலி. ஏதோ விளையாட்டுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் மேலே கையைக் காட்டினார். மின்விசிறிக்குப் பக்கத்தில் சீலிங் பூச்சு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உப்பிப்போய் நின்றது. தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஆயாம்மா ஒட்டடைக் கம்பால் அதைச் சுற்றித் தட்டிப் பார்ப்பாராம். பொள்ளல் சத்தம் எதுவரை கேட்கிறதோ, அதற்கு ஒரு முழம் தள்ளி பெஞ்சைப் போடுவார்களாம். “மழ பேஞ்சா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுவோம் சார்” என்றார் ஆயாம்மா.

நாங்கள் அன்றைக்குப் போனது வர்ணம் அடிக்க. நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு, சுவரில் யானை, ரயில், உயிரெழுத்து எல்லாம் வரைந்து ஒரே வாரத்தில் பள்ளியை அழகாக்கினோம். சீலிங்கைப் பற்றித் தலைமையாசிரியையிடம் கேட்டோம். எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். அதோடு விட்டுவிட்டோம். அந்த வருட நவம்பர் மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூச்சோடு சேர்ந்து காங்கிரீட்டும் பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பெயின்டுக்குச் செலவான பணத்தில் அந்தத் தளத்தை முறையாகப் பரிசோதித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு சில பள்ளிகளில் கட்டட வேலைக்கே நேரடியாக உதவினோம். அதில் கற்றுக்கொண்டதைப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். முன்னாள் மாணவர்களோ, குடியிருப்போர் சங்கமோ, அலுவலக நண்பர்களோ, யார் செய்தாலும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

கட்டடம் பிள்ளைகளைக் கொல்லும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அந்த விபத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் வகுப்பறைக் கூரை விழுந்து 7 குழந்தைகள். நெல்லைக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். ஆனால் இடித்த வேகத்தில் புது அறைகள் எழும்பவில்லை. பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடிக்கும் வராந்தாவுக்கும் போனார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்து, ஐந்தாண்டில் 18,000 வகுப்பறைகள் என்று இலக்கு வைத்தார்கள். அப்படியும் வரிசை நீளம். அந்த வரிசையில் பின்னால் நிற்கும் பள்ளிகளுக்குத்தான் நம்மைப் போன்றவர்கள் தேவை.

இடம் யாருடையது?

முதல் கேள்வி இதுதான். சென்னையில் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு வேறு முதலாளிகள் இருப்பார்கள். மாநகராட்சி நடத்தும் ‘சென்னைப் பள்ளி’யாக இருக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் அரசுப் பள்ளியாக இருக்கலாம், ஆதிதிராவிடர் நலத் துறையுடையதாக இருக்கலாம், அறக்கட்டளையோ சபையோ நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியாகவும் இருக்கலாம். இதில் குழப்பம் அதிகம் வருவது நகரம் விரிந்து சேர்த்துக்கொண்ட பகுதிகளில். அங்கே 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சிக்கு மாற்றப்பட்டன. வாசலில் பழைய பலகையே தொங்கும், ஃபைல் வேறு அலுவலகத்தில் இருக்கும்.

மாநகராட்சிப் பள்ளி என்றால் அந்த வார்டின் உதவிப் பொறியாளரையும், ரிப்பன் மாளிகையில் உள்ள கல்வித் துறையையும் பார்க்க வேண்டும். உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகத்திடம் நிலப் பத்திரத்தையும் கட்டட உரிமத்தையும் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தார் தரும் உரிமமும், பொறியாளர் தரும் உறுதித்தன்மைச் சான்றும் அவர்களிடம் இருக்க வேண்டும். காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

தலைமையாசிரியர் ‘சரி சார், கட்டிக் குடுங்க’ என்று சொல்லிவிட்டார் என்பதற்காக வேலையைத் தொடங்கக் கூடாது. அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது, பிரச்சினை வந்தால் மாட்டிக்கொள்வதும் அவர்தான். அவர் செய்யக்கூடிய பெரிய உதவி பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுவது. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நான் பார்த்தவரை, எந்த அறை எப்போது ஒழுகும், எந்தச் சுவரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்பது அந்த அம்மாக்களுக்கு இன்ஜினியரைவிட நன்றாகத் தெரியும். தீர்மானத்தில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அறை எண், தேதி, என்ன விழுந்தது என்று விவரமாக இருக்கட்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது.

கண்ணால் பார்க்க வேண்டியவை

ஒரு சனிக்கிழமை காலையில் டார்ச்சும் கேமராவும் எடுத்துக்கொண்டு போங்கள். தரையிலிருந்து தொடங்காமல் மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் இலையால் அடைத்திருக்கிறதா, சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்றைக் கையால் பிடுங்கிப் போடாதீர்கள், வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். அப்புறம் கீழே வந்து சன்ஷேடு, பீம், பில்லர். பீமின் அடியில் கம்பி ஓடும் வாக்கிலேயே நீளமாக விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று இதை இன்னும் வேகமாகச் செய்யும். ஜார்ஜ் டவுன், ராயபுரம் மாதிரிப் பழைய பகுதிகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் இருக்கலாம். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டியது. அதில் பார்க்க வேண்டியது சட்டம் சுவருக்குள் நுழையும் முனை. கரையானும் ஈரமும் முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும்.

கழிவறையையும் சுற்றுச்சுவரையும் விட்டுவிடாதீர்கள். நெல்லையில் விழுந்தது வகுப்பறை அல்ல. அஸ்திவாரம் ஒழுங்காக இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர்தான் சத்தமில்லாமல் சாயும்.

முதல் பணம் பரிசோதனைக்கு

பார்த்தது போதாது. நாங்கள் ‘இது நல்லாத்தான் இருக்கு’ என்று நினைத்த பில்லர் சோதனையில் தோற்றிருக்கிறது, ‘இதை இடிச்சிடணும்’ என்று ஊரே சொன்ன அறை தேறியிருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை ஐஐடி, தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இதற்கான வல்லுநர்களும் கருவிகளும் இருக்கிறார்கள். தகுதியான தனியார் கட்டமைப்புப் பொறியாளரையும் அமர்த்தலாம். ஆனால் அவரே ரிப்பேர் கான்ட்ராக்டும் எடுக்கிறவராக இருக்கக் கூடாது.

காங்கிரீட்டின் வலிமையைப் பார்க்க ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால் தட்டுவார்கள், ஒலியலை செலுத்திப் பார்ப்பார்கள், சில இடங்களில் உருளையாகக் காங்கிரீட்டை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எனக்கு மறக்க முடியாதது இன்னொன்று. பீமில் ஒரு சின்ன ஓரத்தைப் புதிதாக உடைத்து, அதன்மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார் அந்த ஆய்வக உதவியாளர். நாம் பள்ளியில் காரத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினோமே, அதே கரைசல்தான். நல்ல காங்கிரீட்டில் காரத்தன்மை இருக்கும், அதனால் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். அன்றைக்குப் பீமின் உள்பக்கம் மட்டும் ரோஜா நிறமானது. வெளியிலிருந்து இரண்டு விரற்கடை வரை நிறமே மாறாமல் சாம்பலாகவே நின்றது. கம்பி இருந்தது அந்தச் சாம்பல் பகுதியில். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ‘அங்கிள், இன்னொரு தடவ’ என்று கேட்டார்கள். அறிக்கை வர மூன்று வாரம் ஆனது, எனக்கு விடை அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அறிக்கையில் ஒரு வரி தெளிவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எந்த அறையை இன்றே பூட்ட வேண்டும், எதைப் பழுது பார்க்கலாம், எதை இடிக்க வேண்டும். ‘பொதுவாகத் திருப்திகரம்’ என்று முடியும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. பூட்டச் சொன்ன அறையை அன்றே பூட்டுங்கள். பணம் வரட்டும், அனுமதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இடிக்க வேண்டியதில்லை என்றால் இடிக்காதீர்கள். புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, பழுது பார்ப்புக்குக் கிடையாது. அதனாலேயே நல்ல கட்டடங்கள் பல இடிபடுகின்றன.

பணம் வரும் வழிகள்

2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி’ திட்டம் புதியவர்களுக்குச் சுலபமான வாசல். எந்த அரசுப் பள்ளி, அதற்கு என்ன தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுக்கவும் வசதி இருக்கிறது. மாநகராட்சிப் பகுதியில் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதிகளையும் வகுப்பறைக்குக் கேட்கலாம். தேர்தல் அறிவித்துவிட்டால் புது வேலை எதுவும் நகராது, அதற்கு முன்பே ஃபைல் போக வேண்டும்.

கம்பெனிப் பணம் என்றால், 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ளவை சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அவர்கள் நிதியாண்டுக் கணக்கில் யோசிப்பார்கள். ஜனவரியில் போய் நின்றால் ‘மார்ச்சுக்குள்ள முடியுமா?’ என்பார்கள். ஒரு வகுப்பறைக் கட்டடம் அப்படி முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் அறிக்கையோடும் எஸ்டிமேட்டோடும் போங்கள். பெஞ்சு, ஸ்மார்ட் போர்டு, நோட்டுப் புத்தகம் என்றால் உடனே கையெழுத்துப் போடுவார்கள், சீலிங் என்றால் யோசிப்பார்கள். பினாப்தலீன் படத்தைக் காட்டுங்கள், பேச்சு மாறும்.

நண்பர்களிடம் திரட்டும்போது பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழக் கூடாது. பதிவான அறக்கட்டளை வழியாக வாங்குங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு உள்ள அமைப்புக்குத்தான் உரிமை. அந்த அமைப்பும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. ஒரே வகுப்பில் படித்தவன்தானே என்று வாங்கிவிட்டு அப்புறம் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

அதுவரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், கட்டுவதைவிட இதுதான் கஷ்டம். இடிப்பதில் தொடங்கித் திறப்பு வரை ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது படித்த காலம் முழுவதும். ‘பக்கத்துப் பள்ளிக்கு மாத்திடலாம், ஒரு கிலோமீட்டர்தான்’ என்று மேப்பைப் பார்த்துச் சொல்வார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆறு வயதுப் பிள்ளையைத் தாண்ட வைக்கிற ஒரு கிலோமீட்டர் அது. அம்மா காலையிலேயே மீன் ஏலத்துக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுவார். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாததால் பிள்ளை நின்றுவிடும். ஒரு பள்ளியில் அப்படிச் சிலர் நின்றார்கள், கட்டடம் வந்த பிறகும் இரண்டு பேர் திரும்பவில்லை. அந்த வீடுகளுக்கு நாங்கள் முன்பே போயிருக்க வேண்டும்.

அதனால் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன் பெற்றோர் கூட்டம் போட்டு, மாற்று இடத்தை அவர்களோடு நடந்தே போய்ப் பாருங்கள். சமூக நலக்கூடம், கோயில் மண்டபம், சர்ச் ஹால், பக்கத்துப் பள்ளியில் மதிய ஷிஃப்ட் என்று எதுவானாலும் நான்கு விஷயம் தேறணும்: கூரை, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை, தண்ணீர், சாப்பாடு. காலை உணவும் மதிய உணவும் அங்கே வந்து சேருமா என்று சத்துணவு அமைப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பல பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடுதான் பள்ளிக்கு வரும் காரணம். நடத்திக் கூட்டிப் போக இரண்டு அம்மாக்களுக்குச் சம்பளம் போட்டு எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுங்கள். கல்யாண முகூர்த்த நாட்களில் ஹால் கிடைக்காது என்பதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடமும் வேலையும்

வரைபடம் உங்கள் பொறியாளர் போடுவார். நீங்கள் விடாமல் கேட்க வேண்டியவை சில. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரம் நின்றது? பக்கத்துக் கடைக்காரர் சுவரைக் காட்டிச் சொல்வார். தரைமட்டம் அதற்கு மேல் இருக்கட்டும், ரோடு ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மாடி இருந்தால் இரண்டு படிக்கட்டு. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி ஏறாது. சமையலறை வகுப்பறையோடு ஒட்டக் கூடாது, இதைக் கும்பகோணத்துக்குப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை 2002இல் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது ஆபத்து கூடிய மண்டலத்துக்கு, வந்தது. பழைய கட்டடங்கள் பல இரண்டாம் மண்டலமாக இருந்த காலத்தவை, அதே கம்பிக் கணக்கை நகலெடுத்துவிடக் கூடாது.

நம் ஊரில் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஜனவரியில் கடக்கால் தோண்டினால் அடுத்த மழைக்குள் தளம் போட்டுவிடலாம். செப்டம்பரில் தோண்டினால் குளம்தான் வெட்டியதாகும். இடிபாடுகளை ஏரிக்கரையில் கொட்ட விடாதீர்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் உண்டு.

சைட்டில் தினமும் நிற்க உங்களால் முடியாது. காங்கிரீட் போடும் நாளில் மட்டுமாவது ஒருவர் நில்லுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டி, வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும், காங்கிரீட்டின் வலிமைத் தரம் எம்-30க்குக் குறையக் கூடாது. கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ‘போதும் சார்’ என்பார்கள், போதாது. அந்த ஆயாம்மா தட்டிப் பார்த்த சீலிங்கில் கம்பி பூச்சுக்கு நேர் மேலேயே கிடந்தது. போடுகிற அதே காங்கிரீட்டில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளை உங்கள் கண்முன் வார்க்கச் சொல்லி 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதனைக்கு அனுப்புங்கள். பத்து நாளாவது தண்ணீர் கட்டி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.

பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை பற்றி எல்லாப் பள்ளியிலும் சண்டை வரும். வாசலில் ஒரே கல், ஒரே அளவு எழுத்து என்று முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நன்றி சொல்ல வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

ஒப்படைக்கும்போது சாவியோடு சேர்த்து வரைபடம், பரிசோதனை அறிக்கை, கட்டி சோதனை முடிவு, வயரிங் படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஒரு பிரதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். தலைமையாசிரியர் மாறுவார், பொறியாளர் மாறுவார், அந்தக் குழுவில் அடுத்த தெரு அம்மா ஒருவராவது இருப்பார். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் இரண்டு பேர் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போகிறோம். மழைநீர்க் குழாய் வாயில் இலையும் பந்தும் பட்டமும் அடைத்திருக்கும். எடுத்துப் போட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே குழாயில் கொட்டுகிறதா என்று ஆயாம்மாவைப் பார்க்கச் சொல்வோம். ‘வருது சார்’ என்று கீழிருந்து குரல் வந்த பிறகுதான் இறங்குவோம்.